முட்டும் மாடும் பழைய லாரியும்

ஒரு பொருளைத் தன் கையாலேயே பழுது பார்த்துக்கொள்ளும் மனிதனுக்கும், பழுதைப் பிறரிடம் ஒப்படைத்துவிட்டுக் கவலையின்றி இருக்கும் மனிதனுக்கும் இடையே, செலவைத் தவிர வேறு வேறுபாடு ஏதேனும் உண்டா? கேள்வி சற்று விந்தையாகத் தோன்றலாம். கடிகாரத்தையோ தையல் எந்திரத்தையோ பொறுத்தவரை அஃது அவரவர் வசதியைச் சார்ந்தது என்று விட்டுவிடலாம். ஆனால் பழுதுற்ற பொருள், பத்து டன் சரக்கைச் சுமந்துகொண்டு, பள்ளிப் பிள்ளைகளும் முதியவர்களும் கடந்து செல்லும் சாலையில் ஓடும் லாரியாக இருந்தால், அக்கேள்வி ஐந்தாம் கட்டளையின் எல்லைக்குள் வந்துவிடுகிறது. அப்போது நாம் பேசுவது எந்திரத்தைப் பற்றி மட்டுமன்று, மனச்சான்றைப் பற்றியும் ஆகும்.

நம் நாட்டில் இக்கேள்வி ஏட்டளவில் நிற்பதன்று. நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி வட்டாரங்களில் லாரித் தொழில்தான் எண்ணற்ற குடும்பங்களின் அடுப்பை எரிய வைக்கிறது. லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகளால் நாமக்கல்லும், ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளால் திருச்செங்கோடும் நாடெங்கும் பெயர் பெற்றவை. இத்தொழிலில் பல வண்டிகளுக்கு உரிமையாளராய் இருப்போரும் உண்டு. பிறர் பல்லாண்டுகள் ஓட்டித் தேய்த்து விற்ற ஒரே ஒரு லாரியைக் கடனுக்கு வாங்கித் தாமே ஓட்டிப் பிழைப்போரும் உண்டு. நம் சிந்தனை இந்த இரண்டாம் வகையினரைப் பற்றியது. மாதத் தவணை எவருக்காகவும் காத்திராது. டீசலும் டயரும் காப்பீடும் சுங்கக் கட்டணமும் வாடகையின் பெரும்பகுதியை விழுங்கிவிடும். லாரி பட்டறையில் நிற்கும் ஒவ்வொரு நாளும் வருமானமற்ற நாள். ஆகவே, இயன்ற வேலைகளையெல்லாம் அவர் தம் கையாலேயே செய்துகொள்கிறார்.

பழைய டீசல் லாரியும் இத்தகைய மனிதருக்கு ஏற்ற எந்திரமாகவே அமைந்திருக்கிறது. ஜெர்மானியப் பொறியாளர் ருடால்ஃப் டீசல் 1897-ஆம் ஆண்டில் ஆக்ஸ்பர்க் நகரில் வெற்றிகரமாக ஓட்டிக் காட்டிய எஞ்சினின் அடிப்படை எளிமையானது. பெட்ரோல் எஞ்சினில் இருப்பது போன்ற தீப்பொறிக் கட்டை இதில் இல்லை. சிலிண்டருக்குள் இழுக்கப்படும் காற்று ஏறத்தாழ 16-இல் ஒரு பங்காக நெருக்கப்படும்போது, 500 பாகை செல்சியசுக்கு மேல் சூடேறுகிறது. அதனுள் நுண்துளிகளாகப் பீய்ச்சப்படும் டீசல் தானே பற்றிக்கொள்கிறது. டாட்டா நிறுவனம் டெய்ம்லர்-பென்ஸ் நிறுவனத்துடன் கூடி 1954-இல் ஜாம்ஷெட்பூரில் செய்யத் தொடங்கிய லாரிகளும், சென்னையை அடுத்த எண்ணூரில் வேரூன்றி 1955-இல் அசோக் லேலண்ட் என்று பெயர் பெற்ற நிறுவனத்தின் லாரிகளும் பல பத்தாண்டுகள் இந்த எளிய அமைப்பிலேயே ஓடின. எவ்வளவு டீசல், எந்த நொடியில் என்பதை அவற்றில் முடிவு செய்வது ஓர் இரும்பு பம்பு. 2020 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த பாரத் ஸ்டேஜ் ஆறு விதிப்படி அமைந்த லாரிகளிலோ உணரிகளும் மின்னணுக் கட்டுப்பாடும் நிறைந்துவிட்டன; அவற்றின் கோளாற்றைக் கண்டறியவே தனிக்கருவி வேண்டும். பழைய லாரியின் கோளாறுகளில் பெரும்பாலானவற்றைக் காதும் மூக்கும் கையுமே அறிந்துவிடும்.

அத்தகைய ஓர் உரிமையாளர் வண்டியை எடுக்குமுன் செய்யும் வேலைகளைக் கவனியுங்கள். அளவுக்கம்பியை உருவித் துடைத்து எஞ்சின் ஆயிலைப் பார்க்கிறார். டீசல் வழியில் தேங்கிய தண்ணீரை வடிக்கிறார். பிரேக்குக்குக் காற்றுத் தரும் தொட்டியின் அடியைத் திறந்து, சேர்ந்த ஈரத்தை வெளியேற்றுகிறார். வில் பட்டைகளின் பின்களுக்குக் கிரீஸ் அடிக்கிறார். வால்வுகளின் ஓசை மாறியிருந்தால் மூடியைக் கழற்றி, அரை மில்லிமீட்டருக்கும் குறைவான டேப்பெட் இடைவெளியைச் சரிசெய்கிறார். டீசல் குழாயில் காற்றுப் புகுந்து ஏர் லாக் ஆகி வண்டி நின்றால், திருகைத் தளர்த்தி, கைப்பம்பை அழுத்தி, நுரை நின்று தெளிந்த டீசல் வரும்வரை பொறுத்திருந்து மீண்டும் முடுக்குகிறார். புகையின் நிறத்தைக் கொண்டே நோயை ஊகிக்கிறார். கறுப்பு மிகுந்தால் காற்றுக் குறைவு அல்லது டீசல் மிகுதி. நீலம் எனில் எஞ்சின் ஆயிலே எரிகிறது. வெள்ளை எனில் டீசல் எரியாமல் வருகிறது அல்லது தண்ணீர் உள்ளே கசிகிறது.

இதில் ஒரு மாண்பு இருப்பதை மறுக்க இயலாது. திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் 1981-இல் மனித உழைப்பைப் பற்றி எழுதிய சுற்றுமடலில், உழைப்பின் மதிப்புக்கு அடிப்படை செய்யப்படும் வேலை அன்று, செய்பவர் ஒரு மனிதர் என்பதே என்று விளக்கினார். நாசரேத்துத் தச்சரின் கைகளை வணங்கும் நாம், கிரீஸ் படிந்த கைகளைத் தாழ்வாக எண்ண வழியில்லை. ஆயினும் நம் கேள்விக்கான விடை இந்த மாண்போடு முடிந்துவிடுவதில்லை.

அறிவு தரும் சுமை

தன் கையால் பழுது பார்ப்பவருக்குப் பணம் மிச்சமாவது போலவே ஒரு சுமையும் சேர்ந்துகொள்கிறது. அவர் அறிந்துவிடுகிறார். பிரேக் டிரம்மைக் கழற்றியவர், உள்ளே லைனிங் எந்த அளவு தேய்ந்திருக்கிறது என்பதைத் தம் கண்ணாலேயே கண்டுவிட்டார். இனி அவர் காணாதவராக முடியாது.

விடுதலைப் பயண நூலின் 21-ஆம் அதிகாரத்தில் முட்டும் மாட்டைப் பற்றிய சட்டம் ஒன்று உண்டு. ஒரு மாடு ஒருவரை முட்டிக் கொன்றுவிட்டால் மாடு கொல்லப்பட வேண்டும். அதன் உரிமையாளர்மேல் குற்றமில்லை. ஆனால் அம்மாடு முன்பே முட்டும் இயல்புடையது என்று எச்சரிக்கப்பட்டிருந்தும் அவர் அதைக் கட்டிவைக்காமல் விட்டிருந்தால், இறந்தவரின் உயிருக்கு அவரே பொறுப்பாளி. மாடு ஒன்றே, கொம்பும் ஒன்றே, சாவும் ஒன்றே. உரிமையாளர் முன்னரே அறிந்திருந்தாரா என்னும் ஒன்றே நீதியை இரண்டாகப் பிரிக்கிறது. எந்திரம் என்பதையே அறியாத காலத்து மக்களுக்குத் தரப்பட்ட இச்சட்டம், பழைய லாரி வைத்திருப்பவருக்கென்றே எழுதப்பட்டது போல் இருக்கிறதன்றோ?

இணைச் சட்ட நூல் 22-ஆம் அதிகாரத்தில் மற்றொரு கட்டளையையும் தருகிறது. புது வீடு கட்டுகிறவர் மேல்தளத்தைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் எழுப்ப வேண்டும். எவரேனும் தவறி விழுந்தால் இரத்தப்பழி அவ்வீட்டின்மேல் வரும். விழப்போகிறவர் யார் என்று கட்டுகிறவருக்குத் தெரியாது. முகம் தெரியாத அந்த ஒருவருக்காக அவர் இன்றே சுவர் எழுப்ப வேண்டும் என்கிறது சட்டம். பிரேக் என்பதும் முகம் தெரியாதவருக்காக நாம் எழுப்பும் கைப்பிடிச் சுவர்தான்.

தருமபுரியிலிருந்து சேலம் நோக்கி இறங்கும் தொப்பூர்க் கணவாயை நினைத்துக்கொள்வோம். அங்கு நேர்ந்த லாரி விபத்துகளைச் செய்தித்தாள்களில் நாம் பலமுறை படித்திருக்கிறோம். பிரேக் லைனிங் தேயத் தேய, பிரேக் கட்டை டிரம்மைத் தொடுவதற்கு, அதைத் தள்ளும் தண்டு கூடுதல் தூரம் நகர வேண்டியிருக்கிறது. பழைய லாரிகளில் இந்த இடைவெளியை அவ்வப்போது கையால்தான் குறைக்க வேண்டும். குறைக்காவிட்டாலும் சமவெளியில் வண்டி ஒருவாறு நிற்கும். ஓட்டுநரின் முன்னுள்ள அழுத்தமானி முழுக் காற்றையும் காட்டும். சரிவில் தொடர்ந்து பிரேக் பிடிக்கும்போதுதான் உண்மை வெளிப்படுகிறது. டிரம் சூடேறி விரிகிறது; தள்ளும் தண்டு தன் கடைசி எல்லையை எட்டிவிடுகிறது; மானியில் காற்று இருந்தும் சக்கரம் கட்டுப்படுவதில்லை. டீசலை மிச்சப்படுத்த எண்ணி நியூட்ரலில் இறங்குகிறவருக்கு எஞ்சினின் தடையும் துணைக்கு வராது. இத்தனையும் நேராதிருக்க வேண்டுமானால், புறப்படுமுன் ஒருவர் வண்டிக்கு அடியில் குனிந்து, ஸ்பேனரால் ஒரு திருகைச் சில சுற்றுகள் சுற்றியிருக்க வேண்டும். லைனிங் தேய்ந்து தீர்ந்திருந்தால் அதை மாற்றியிருக்க வேண்டும்.

அப்படியானால் அறியாமல் இருப்பதே பாதுகாப்பு என்று ஒருவர் எண்ணக்கூடும். பார்த்தால்தானே பொறுப்பு? பாராமலே இருந்துவிட்டால்? நம் ஒழுக்க இறையியல் இந்த வழியையும் அடைத்துவிட்டது. எவ்வளவு முயன்றும் அறிய முடியாததை அறியாதிருப்பது குற்றமன்று. முயன்றால் அறியக்கூடியதைச் சோம்பலால் அறியாதிருப்பது குற்றமே. அறிந்தால் கடமை வந்துவிடுமே என்று அஞ்சி வேண்டுமென்றே அறியாதிருப்பதோ, குற்றத்தைக் குறைப்பதற்குப் பதிலாகக் கூட்டுகிறது. அந்த அறியாமையை அவர் தாமே விரும்பித் தேடிக்கொண்டார் என்பதே காரணம்.

விபத்து நடந்த பின் நாம் கேட்கும் சொற்களை எண்ணிப் பாருங்கள். உரிமையாளர் ஓட்டுநரைக் கைகாட்டுகிறார். ஓட்டுநர் மெக்கானிக்கைக் கைகாட்டுகிறார். உதிரிபாகம் வாங்கப் பணம் தரவில்லை என்கிறார் மெக்கானிக். எஃப்.சி. எடுத்து வைத்திருக்கிறோம் என்று தாளை நீட்டுகிறார் கணக்கர். எட்டு ஆண்டுகளைக் கடந்த சரக்கு வண்டி ஆண்டுதோறும் தகுதிச் சான்று பெற வேண்டும் என்பது தேவையான விதியே. ஆனால் அதிகாரி பார்ப்பது ஆண்டில் ஒரு நாள். மீதி 364 நாட்களும் பார்க்க வேண்டியவர் வேறொருவர். தம் லாரியைத் தாமே ஓட்டித் தாமே பழுது பார்ப்பவரிடம் இந்தக் கைகாட்டும் வரிசை அறுந்துவிடுகிறது. உரிமையாளரும் ஓட்டுநரும் மெக்கானிக்கும் அவரே. பழியைத் தள்ளிவிட அவருக்கு அடுத்த ஆள் இல்லை. அவருடைய தொழிலின் கடுமை இது. நம் பார்வையில் அதன் பெருமையும் இதுவே.

திறமையும் நேர்மையும்

கைத்திறமை இருந்தால் போதும், நேர்மை தானே வந்துவிடும் என்று சொல்வதற்கில்லை. பழுதை நீக்கத் தெரிந்தவருக்குப் பழுதை மறைக்கவும் தெரியும். பிஸ்டன் ரிங் தேய்ந்து நீலப்புகை விடும் எஞ்சினில் கெட்டியான ஆயிலை ஊற்றினால் புகை சில நாட்கள் அடங்கியிருக்கும். அதற்குள் வண்டியை விற்றுவிடலாம். தகுதிச் சான்று பெறும் நாளுக்கு மட்டும் நல்ல டயர்களை மாட்டி, பிறகு கழற்றிவிடுவோரும் உண்டு. பம்பில் டீசலின் அளவைக் கூட்டி வைத்தால் ஏற்றத்தில் இழுவை கூடும். கறுப்புப் புகையோ பின்னால் இருசக்கர வண்டியில் வருபவரின் நுரையீரலுக்குச் செல்லும். உலக நலவாழ்வு அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-ஆம் ஆண்டிலேயே டீசல் புகையை மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பவற்றின் பட்டியலில் சேர்த்துவிட்டது.

புனித தோமா அக்குவினாஸ், அரிஸ்டாட்டிலைப் பின்பற்றி, கைவினைத் திறமைக்கும் விவேகம் என்னும் நற்பண்புக்கும் இடையே நுட்பமான வேறுபாடு ஒன்றைக் காட்டுகிறார். தெரிந்தே தவறாகச் செய்யும் கைவினைஞர், தெரியாமல் தவறு செய்பவரைவிடத் திறமையில் மேலானவர். சரியாகச் செய்யவும் அவருக்குத் தெரியும் அல்லவா? விவேகத்திலோ இது தலைகீழாகிவிடுகிறது. அங்குத் தெரிந்தே தவறுபவரே கீழானவர். கெட்டி ஆயிலை ஊற்றி விற்பவர் மோசமான மெக்கானிக் அல்லர், கைதேர்ந்தவராகவே இருக்கலாம். ஆனால் அவருடைய திறமை வாங்குகிறவரின் குழந்தைகளுக்கு எதிராக வேலை செய்கிறது. ஒரே ஸ்பேனர் அயலானைக் காக்கவும் அவனை ஏய்க்கவும் பயன்படும். அதை எந்தப் பக்கம் திருப்புவது என்று ஸ்பேனர் சொல்லித் தராது.

திறமைக்கு மற்றொரு துணையும் வேண்டும், அது தாழ்ச்சி. இயன்றதைச் செய்வது போலவே, இயலாததில் கை வைக்காதிருப்பதும் கடமையே. டீசல் பம்பின் உள்ளே இயங்கும் உருளைக்கும் அதன் கூட்டுக்கும் இடையிலுள்ள இடைவெளி தலைமுடியின் பருமனைவிடப் பன்மடங்கு சிறியது. அதைச் சோதனை மேடையில் ஏற்றி அளந்துதான் சரிப்படுத்த வேண்டும். மரத்தடியில் செய்ய முயன்றால் கேடே விளையும். பூட்டு வளையம் கொண்ட பழைய சக்கரங்களில் வளையம் சரியாக அமராமல் காற்றடித்தால், அது தெறித்து ஆளையே கொன்றுவிடும். ஜாக்கியை மட்டும் நம்பி, முட்டுக்கட்டை வைக்காமல் வண்டிக்கு அடியில் நுழைவதும் அத்தகையதே. தம் உயிரும் இறைவன் ஒப்படைத்தது என்பதை மறப்பவர் பிறர் உயிரை எவ்வாறு மதிப்பார்? இன்னும் வருந்தத்தக்கது, தாம் நுழைய அஞ்சும் இடத்திற்குக் கிளீனரை அனுப்புவது. பழுது பார்ப்பில் யார் வண்டிக்கு அடியில் போகிறார், யார் வெளியே நின்று ஏவுகிறார் என்பதும் நீதியைப் பற்றிய கேள்வியே.

ஏழையின் நியாயம்

இதுவரை படித்த லாரிக்காரர் ஒருவர் நம்மிடம் இவ்வாறு கேட்கலாம்: "சாமி, லைனிங் தேய்ந்தது எனக்கும் தெரியும். கையில் காசில்லை. இன்று ஓடினால்தான் நாளைக்கு லைனிங் வாங்க முடியும். நான் என்ன செய்வது?"

இக்கேள்வியைக் கடிந்து ஒதுக்க நமக்கு உரிமையில்லை. வறுமையின் நெருக்கடி மனிதரின் குற்றப் பொறுப்பைக் குறைக்கக்கூடும் என்பதைத் திருச்சபை எப்போதும் ஏற்று வந்துள்ளது. பசித்தவர் தம் வசதியைத் துறக்கலாம், தம் உறக்கத்தையும் துறக்கலாம். ஆனால் அடுத்தவர் உயிர் அவருடைய பணப்பையில் உள்ள காசன்று, எடுத்துச் செலவழிப்பதற்கு. ஆகவே, வண்டியை எடுக்கலாகாது என்ற விடையே மிஞ்சுகிறது. இந்த விடை கசப்பானது. கசப்பு முழுவதையும் அவர் ஒருவரே விழுங்க வேண்டும் என்று சொல்லிவிட்டு நாம் வீட்டுக்குப் போவதுதான் அநீதி.

அந்த லாரியில் அளவுக்கு மீறிய பாரத்தை ஏற்றச் சொன்ன வணிகர் ஒருவர் உண்டு. விடிவதற்குள் சரக்கு வந்து சேராவிட்டால் வாடகையில் பிடித்தம் என்றவர் உண்டு. குறைந்த விலையில் அப்பொருளை வாங்கி மகிழும் நாமும் உண்டு. மாட்டை அவிழ்த்துவிட்ட கைகள் பல. டீசல் எஞ்சினைக் கண்டுபிடித்த அதே ருடால்ஃப் டீசல், 1903-ஆம் ஆண்டில் தோழமைப் பொருளாதாரத்தைப் பற்றி ஒரு நூலும் எழுதினார். உழைப்பாளர் சிறுசிறு தொகைகளைச் சேர்த்துத் தமக்கென்று தொழில்களை அமைத்துக்கொள்ளலாம் என்பது அவர் கருத்து. எஞ்சின் உலகெங்கும் ஓடியது, நூல் விலைபோகவில்லை. நம் பங்குகளில் அன்பியங்கள் இருக்கின்றன, வின்சென்ட் தே பவுல் சபை இருக்கிறது. திருவிழாவுக்குக் கொட்டகை போடவும் வாணவேடிக்கைக்கும் பணம் திரட்டத் தெரிந்த நமக்கு, ஒரு குடும்பத்தின் லாரிக்குப் பிரேக் லைனிங் வாங்கக் கைமாற்றுக் கொடுக்கத் தெரியாதா? அது அக்குடும்பத்திற்கு மட்டும் செய்யும் உதவியன்று. தொப்பூர்ச் சரிவில் அன்று வரப்போகும் யாரோ ஒருவருக்கும் செய்யும் உதவி.

நம் மக்கள் லாரியை மந்திரிக்கக் கோவிலுக்குக் கொண்டு வருகிறார்கள். முகப்பில் 'வேளாங்கண்ணி மாதா துணை' என்று எழுதியிருக்கும்; சாவியும் பூமாலையும் பளபளக்கும். இது நல்ல வழக்கம், வளரட்டும். ஆயினும் தீர்த்தம் தெளிக்கப்படுவது, தேய்ந்த லைனிங்கைப் புதிதாக்குவதற்காக அன்று. வண்டியை இறைவன் முன் கொண்டு நிறுத்துவது, அதைப் பற்றி நாம் அறிந்தவற்றையெல்லாம் அவர் முன் மறைக்காமல் வைப்பதாகும். மனிதர் செய்ய வேண்டியதைச் செய்யாமல் மாதாவின் துணையை மட்டும் வேண்டுவது பக்தியாகாது. சாத்தான் இயேசுவைக் கோவில் முகட்டிலிருந்து குதிக்கச் சொன்ன சோதனையும் இதைப் போன்றதே.

கடைசியாக ஒன்று. பழுது பார்த்தல் நற்செயல் என்பதால் எல்லாப் பழுதையும் எப்போதும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பதில்லை. சேஸிஸ் துருவேறி வெடித்த பின்னும் ஒட்டுப் போட்டு ஓட்டுவது உழைப்பாகாது. அது ஒருவகைப் பற்று. பழைய வண்டிகளை முறைப்படி உடைத்து அகற்றும் கொள்கையை இந்திய அரசு 2021-இல் அறிவித்தது. அரசின் விதி எப்படியிருப்பினும், தம் வண்டிக்குக் காலம் முடிந்துவிட்டது என்பதை முதலில் அறிபவர், அதைத் தம் கையால் பழுது பார்த்து வந்தவரே. சொல்ல வேண்டியவரும் அவரே.

ஆக, நாம் தொடங்கிய கேள்விக்கு விடை இது: தன் கையால் பழுது பார்ப்பவர் பிறரைவிட நல்லவர் என்று சொல்வதற்கில்லை, ஆனால் பிறரைவிட மிகுதியாக அறிந்தவர். எவரிடம் மிகுதியாகக் கொடுக்கப்பட்டதோ அவரிடம் மிகுதியாகவே கேட்கப்படும் என்று நம் ஆண்டவர் கற்பித்திருக்கிறார். லைனிங்கைப் பார்த்துவிட்டு, இன்றைய வாடகை போனாலும் போகட்டும் என்று வண்டியை ஓரங்கட்டிவிட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடக்கும் மனிதரை எவரும் பாராட்டப் போவதில்லை. அவரால் உயிர் பிழைத்தவர் யார் என்று அவருக்கும் தெரியாது, பிழைத்தவருக்கும் தெரியாது. இறைவனுக்குத் தெரியும். அவர் அன்று தம் மாட்டைக் கட்டிவைத்தார்.